வசைச்சொல்லும் வகுப்பறையும்

இனவாதம் என்றதும் நமது நினைவு கலவரங்களை நோக்கியே ஓடுகிறது. 1958, 1977, 1981, 1983 என்று ஆண்டுகளை அடுக்கிக்கொண்டு போகிறோம். எரிந்த கடைகளும் எரிந்த லயங்களும் கண்முன் நிற்கின்றன. அவை மறக்கற்பாலன அல்ல. எனினும், பள்ளி ஆசிரியராகிய நமக்கு இனவாதம் தீப்பந்தத்தோடு அறிமுகமாவதில்லை. ஆறாந் தரத்தில், இடைவேளை மணி அடித்த பின்னர், ஒரு சொல்லாக அது வந்து சேருகிறது. ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளிற் கற்பிக்கும் நண்பர்களுக்கு அச்சொல் எதுவென்று நாம் சொல்லவேண்டியதில்லை. ‘தோட்டக்காட்டான்.’

சொல்பவனும் தமிழன், கேட்பவனும் தமிழன். ஆகவே இதனை இனவாதம் என்று அழைப்பது எவ்வாறு பொருந்தும் என்று நமது முற்போக்கு நண்பர் சிலர் கேட்பதுண்டு. இது வெறும் வர்க்க இறுமாப்பு, கடைக்காரன் மகன் கூலிக்காரன் மகனை இகழ்கிறான், வேறொன்றுமில்லை என்பது அவர்கள் வாதம். வாதத்திற் பாதி உண்மையிருக்கிறது. ஆனால் தகப்பன் செய்யும் தொழிலைத் தகப்பனோடு நிறுத்தாமல், மகனின் அறிவாக, நடையாக, வாசனையாக, இரத்தமாகக் காணத் தொடங்கும்போது அங்கே வர்க்க இறுமாப்பு வேறொன்றாகத் திரிந்துவிடுகிறது. ‘அதுகளுக்குப் படிப்பு ஏறாது’ என்று ஆசிரியர் அறையில் ஒருவர் தேநீரை உறிஞ்சிக்கொண்டே கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். ‘அதுகள்’ என்ற அஃறிணைப் பன்மையை நண்பர்கள் கவனிக்கவேண்டும். அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் தென்னாபிரிக்காவிலும் வெள்ளையர் பாடசாலைகளிற் பேசப்பட்டதும் இந்த இலக்கணமே.

தோட்டத்து ஆரம்பப் பாடசாலையிலிருந்து பட்டினப் பாடசாலைக்கு வரும் பிள்ளை முதற்கிழமையிலேயே ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. ஊர் எது என்றால் தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. டிக்கோயா என்றோ கொட்டகலை என்றோ சொல்லிவிட வேண்டும். அப்பா என்ன செய்கிறார் என்றால் ‘கொழும்பிலே வேலை’ என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பெற்ற தாயின் தொழிலை மறைக்கப் பழகுவது எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாத பாடம். எல்லாப் பிள்ளைகளும் இதில் மட்டும் சித்தியடைந்துவிடுகிறார்கள்.

அச்சொல்லை உச்சரித்த மாணவனை என்ன செய்வது? பிரம்பை எடுப்பது ஒரு வழி. ‘நாமெல்லோரும் ஒரு தாய் மக்கள்’ என்று பத்து நிமிடம் பேசுவது மற்றொரு வழி. பிரம்புக்குப் பயந்து அச்சொல் வகுப்பறையைவிட்டு விளையாட்டு மைதானத்துக்கு இடம்பெயரும். பேச்சைக் கேட்டவர்கள் கொட்டாவி விடுவார்கள். நாம் மேற்கொள்வது மூன்றாவது வழி. அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதன் வரலாற்றைப் பாடமாக்குவதே அது. தமிழாசிரியனுக்குச் சொல்லாராய்ச்சி செய்ய உரிமை உண்டல்லவா?

அதனோடு பிறந்த இன்னொரு சொல்லும் உண்டு: ‘கள்ளத்தோணி’. களவாகத் தோணியேறி வந்தவர்கள் என்பது குற்றச்சாட்டு. உண்மை என்ன? 1820களிலே கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்று ஆங்கிலேயர் அழைக்க, கங்காணிமார் திரட்டிவர, மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைவரை காடு கடந்து நடந்தவர்கள் இவர்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதும், 1869 முதற் பரவிய இலைநோயாற் கோப்பி அழிந்ததும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. காட்டை வெட்டி அந்தத் தேயிலையை நட்ட கைகள் எவருடையவை என்பதை ஆசிரியர்தான் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

1947 தேர்தலிலே தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் நுவரெலியாவில் தொண்டமானும் தோட்ட மக்களின் வாக்கினாற் பாராளுமன்றம் சென்றார்கள். அடுத்த ஆண்டே, 1948 இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. அவ்வேளையில் அரசாங்கத்தோடு நின்ற தமிழ்த் தலைவர்களும் இருந்தார்கள். அதனை எதிர்த்துத் தமிழ்க் காங்கிரசைவிட்டு வெளியேறிய செல்வநாயகமும் இருந்தார். பின்னர் 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நாம் இவ்வெண்களைக் கரும்பலகையில் எழுதியபோது ஒரு மாணவி, “சேர், இதுல யாரையாவது கேட்டாங்களா?” என்றாள். கேட்கவில்லை. எஞ்சியிருந்தோருக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே கதவைத் திறந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் சட்டப் புத்தகமே ஒரு மக்களை ஏசிக்கொண்டிருந்தால், தெருவிலுள்ளவன் ஏசுவதற்குத் தயங்குவானா?

ஒன்பதாந் தரத்திலே இந்தப் பாடத்தை நடத்தியபோது, வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதிவரும்படி சொன்னோம். பெயர் எழுத வேண்டியதில்லை என்றும் சொல்லியிருந்தோம். வந்த தாள்கள் வியப்பூட்டின. ஒரு பாட்டி தன் பிரஜாவுரிமைப் பத்திரத்தைத் தேயிலைப் பைக்குள் சுற்றி, கூரைத் தகரத்தின்கீழ்ச் செருகி வைத்திருந்தாராம். இன்னொரு வீட்டில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்குமாக எழுதிக்கொடுத்துப் பிரிந்தார்கள். அண்ணன் குடும்பம் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றிற் குடியேறிற்று. இங்கே ‘இந்தியாக்காரன்’ என்று ஏசப்பட்டவர்களை அங்கே ‘சிலோன்காரன்’ என்று ஏசினார்கள் என்று அந்தப் பிள்ளை எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை வகுப்பில் வாசித்தபோது சிரிப்பு எழுந்தது, பிறகு அடங்கிவிட்டது.

அடுத்த கிழமை ஒரு தகப்பனார் நம்மைத் தேடி வந்தார். பட்டினத்திற் கடை வைத்திருப்பவர். அவருடைய மகனே அந்த வசைச்சொல்லை அடிக்கடி பயன்படுத்துபவன். மகன் வீட்டிற்போய்த் தாத்தாவிடம் கேட்க, தாத்தா லயத்திற் பிறந்தவர், பதினைந்து வயதுவரை கவ்வாத்துக் கத்தி பிடித்தவர் என்பது வெளியாகிவிட்டது. “சேர், நாங்க கஷ்டப்பட்டு அந்தப் பேர விட்டு வெளிய வந்தோம். நீங்க எதுக்குப் புள்ளைய மறுபடி லயத்துல கொண்டுபோய் விடுறீங்க?” என்று கேட்டார். குரலிற் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. 1983 இல் அவர்கள் கடையை இழந்த குடும்பம் என்பதையும் அன்றுதான் அறிந்தோம். ‘ஐயா, உங்கள் தகப்பனார் செய்தது வெட்கப்படத்தக்க தொழிலல்லவே’ என்றோம். “அது ஒங்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் சமாதானமடைந்து போகவில்லை. மகன் இப்பொழுது அச்சொல்லைப் பயன்படுத்துவதில்லை. ஆயினும், மனம் மாறியதாலோ, தன் இரகசியத்தைக் காப்பதற்காகவோ என்று நம்மாற் கூற முடியாது.

வரலாற்றைவிட நுட்பமான இடமொன்று உண்டு. அது நமது சொந்தப் பாடமாகிய தமிழ். தோட்டத்துப் பிள்ளை கட்டுரை எழுதுகிறது: ‘அம்மா பெரட்டுக் களத்திற்குப் போய், பிறகு மலைக்குப் போனார். கொழுந்து குறைந்ததால் அரைப்பேர் போட்டார்கள்.’ ஆசிரியரின் சிவப்பு மை ‘பெரட்டு’, ‘மலை’, ‘அரைப்பேர்’ மூன்றையும் சுழித்துவிடுகிறது. பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். மலை என்பது கொழுந்து பறிக்கும் பரப்பு. அரைப்பேர் என்பது முழுநாள் உழைத்தவளுக்கு எழுதப்படும் அரைநாட் கணக்கு. இந்த மூன்றாஞ் சொல்லுக்குச் செந்தமிழில் நிகரான சொல்லை எவரேனும் காட்டட்டும்! ஒரு முழு உற்பத்தி உறவே அதற்குள் அடங்கியிருக்கிறது. படங்கு, காம்பரா, பிள்ளைக்காம்பரா, நிரை, கணக்கப்பிள்ளை என்று நமது மாணவர்கள் தொகுத்த பட்டியல் இன்று ஒரு கொப்பியை நிறைத்துவிட்டது.

இவ்விடத்தில் நமது நண்பர் சிலரோடு நமக்குக் கருத்து வேறுபாடுண்டு. பேச்சுமொழியே போதும், பிள்ளைகளைச் செந்தமிழால் வருத்த வேண்டாம் என்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைக்குச் செந்தமிழைக் கொடுக்காமல் விடுவது பரிவின் வேடத்தில் வரும் பழைய புறக்கணிப்பே. 1945 இல் இலவசக் கல்வி நாட்டுக்கெல்லாம் வந்தபோது தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் பிடியில், ஓராசிரியர் கொட்டகைகளாகவே கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். குறைந்தது போதும் என்ற தீர்ப்பை நமது மக்கள் அதிகமாகவே கேட்டுவிட்டார்கள். பரீட்சைக்குரிய மொழியை முழுதாகக் கற்பிப்போம். அதைக் கற்பதற்கு விலையாகத் தாயின் மொழியை இகழச் சொல்லாதிருப்போம். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்திற் கவிதை எழுதியவர்; அவரே தோட்டத்து நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார்.

சாதியைப் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்லாமற் போக முடியாது. பாடசாலைக் கலைவிழாவில் தப்பு அடிக்க ஆள் தேவைப்படும்போது, ஆசிரியரின் கண் தானாகவே குறிப்பிட்ட சில பிள்ளைகளின்மேற் செல்கிறது. வெளியாரின் வசையை எதிர்த்துக் கொதிக்கும் நாம், இந்தப் பார்வையைத் தேர்ச்சி என்று கூறித் தப்பிவிடுகிறோம். விரும்புகிறவர் எவரும் கற்கலாம் என்று வாத்தியத்தை நடுவில் வைத்தாற் போதும். யார் எடுக்கத் தயங்குகிறார்கள் என்பது உடனே தெரிந்துவிடும். பாடம் அங்கிருந்து தொடங்கலாம்.

வேற்றுநாட்டு முறைகளை அப்படியே கொண்டுவர விரும்புவோரும் நம்மிடையே உண்டு. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே ஜேன் எலியட் என்ற ஆசிரியை, தமது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணின் நிறத்தால் இரண்டாகப் பிரித்து, ஒரு சாராரை உயர்த்தியும் மறுசாராரைத் தாழ்த்தியும் நடத்தி, அவமானம் எப்படியிருக்கும் என்று உணர்த்தினார். துணிச்சலான காரியந்தான். ஆனால் அங்கே இருந்தவர்கள் அவமானத்தை அறியாத வெள்ளைப் பிள்ளைகள். நமது வகுப்பிற் பாதிப் பேர் அதனை நாள்தோறும் அருந்துபவர்கள். அவர்களுக்கு ஒத்திகை வேண்டியதில்லை.

அவர்களுக்கு வேண்டியது வேறு. தன்னை இகழ்ந்தவனைத் தான் இகழ்வதற்கு அடுத்தவன் ஒருவனைத் தேடும் நோயிலிருந்து காப்பு வேண்டும். நமது மாணவரிடத்திலும் சிங்களப் பிள்ளைகளைக் குறித்த ஏளனச் சொற்கள் உள. ஒரே பட்டினத்தில், ஒரே பஸ்ஸிற் போய்வரும் பிள்ளைகள், மொழிமூலத்தின்படி இரண்டு பாடசாலைகளுக்குள் அடைபடுகிறார்கள். ஆகவே கண்டிச் சிங்களக் கிராமத்தவரின் கதையையும் நாம் சொல்கிறோம். 1840 இன் 12ஆம் இலக்கச் சட்டம் உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கி, தோட்டக்காரருக்கு விற்க வழிசெய்தது. ஒருவரிடமிருந்து நிலத்தைப் பறித்து, மற்றவரிடமிருந்து உழைப்பைப் பறித்தது ஒரே கை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிசாரின் குண்டுக்கு இரையான கோவிந்தனின் மனைவிக்காக விசாரணையில் வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. அதற்கு முன் 1937 இல், தொழிலாளர் பக்கம் நின்றதற்காக நாடுகடத்தக் கட்டளையிடப்பட்ட பிரேஸ்கேடில் ஒரு வெள்ளைக்காரத் தோட்ட உத்தியோகத்தர். இப்பெயர்களைக் கேட்கும்போது பின்வரிசைப் பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள். சிங்களம் கற்பிக்கும் ஆசிரியையும் நாமும் சேர்ந்து ஒரு பாடவேளை நடத்துவதுண்டு. ‘கடே’ கடையிலிருந்தும் ‘அம்பலம’ அம்பலத்திலிருந்தும் வந்தவை என்று கண்டதும், மேலும் தேடுவதற்குப் போட்டியே மூண்டுவிடும்.

இவையெல்லாம் செய்தாலும் நாட்கூலியை நம்மால் உயர்த்த முடியாது. 1,000 ரூபாய்க்காகத் தொழிலாளர் பல ஆண்டுகள் போராடி, 2021 இல்தான் அது சட்டப்படி நிர்ணயிக்கப்பட்டது. அதற்குள் அரிசியும் மாவும் எங்கோ போய்விட்டன. வகுப்பறையில் மரியாதை பெற்ற பிள்ளை மாலையிற் பத்தடி அறைக்கே திரும்புகிறது. இதை மறந்து, பாடத்தால் மட்டும் உலகைத் திருத்திவிடலாம் என்று பேசும் ஆசிரியரை அப்பிள்ளையே நம்பாது.

சென்ற தவணையிற் பத்தாந் தரத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்ப நேர்ந்தது. அதில் ‘இனம்’ என்றொரு கட்டம். ஒரு மாணவன் எழுந்து, தன் பிறப்புச் சான்றிதழில் ‘இந்தியத் தமிழர்’ என்றும் தங்கையின் சான்றிதழில் ‘இலங்கைத் தமிழர்’ என்றும் இருப்பதாகச் சொன்னான். 1911 குடிசன மதிப்பீட்டிலேதான் இந்தப் பிரிப்பு முதன்முதலாகப் புகுந்தது என்று விளக்கினோம். ‘மலையகத் தமிழர்’ என்று எழுதலாமா என்று ஒருத்தி கேட்டாள். ‘தமிழர்’ போதாதா என்றான் ஒருவன். வேறொருவன், படிவம் திருப்பி அனுப்பப்பட்டால் யார் பொறுப்பு என்றான். விவாதம் அடுத்த பாடவேளையையும் விழுங்கிவிட்டது; கணித ஆசிரியர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். படிவங்கள் வெள்ளிக்கிழமை போகவேண்டியிருந்தன. முப்பத்தெட்டுப் படிவங்களில் நான்கு விதமான விடைகள் இருந்தன. எதையும் திருத்தாமல், அப்படியே கட்டி அலுவலகத்திற் கொடுத்தோம்.