புக்கிட் தீமாவில் ஒரு சிறு நிலையம்

தேக்காவில் டவுன்டவுன் தடத்தில் ஏறி, கிங் ஆல்பர்ட் பார்க்கில் இறங்கினால் நடக்கும் தூரந்தான் புக்கிட் தீமா பழைய இரயில் நிலையம். 1932ஆம் ஆண்டின் செங்கல் கட்டடம்.

மலேசியா செல்லும் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிர்வரும் வண்டிக்கு வழிவிடும் தடம் இங்கிருந்தது. வளையத்தில் கோத்த சாவியை நிலைய ஊழியர் நீட்டுவார். அது ஓட்டுநர் கைக்கு வந்தால்தான் வண்டி மேலே செல்லலாம். சிறுவயதுப் பயணங்களில் அதைக் காட்ட அப்பா சன்னலருகே அழைப்பார். நான் கதைப்புத்தகத்திலிருந்து தலைநிமிர்ந்ததில்லை.

2011 சூன் 30ஆம் நாளோடு இரயில் நின்றது. அதற்கு முன்பே அப்பா காலமாகிவிட்டார். 2022இல் நிலையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபின், மாணவர்களை அழைத்துச் சென்று சாவியைப் பற்றி விளக்கினேன்.

“நீங்கள் பார்த்தீர்களா, ஆசிரியரே?” என்றாள் ஒரு மாணவி.

“என் அப்பா பார்த்தார், அம்மா” என்றேன்.