கோலெடுத்தால்...

பிராட்வே என்றால் சென்னைக்காரர்களுக்கு பஸ் ஸ்டாண்டு ஞாபகம்தான் வரும். நான் சொல்ல வந்தது நியூயார்க் பிராட்வே. டைம்ஸ் சதுக்கத்தைச் சுற்றி நாற்பது சொச்சம் தியேட்டர்கள். பாட்டும் வசனமும் நடனமும் கலந்த 'மியூசிக்கல்' என்கிற ஜாதி நாடகத்துக்கு அதுதான் கோயில். வாரத்துக்கு எட்டு காட்சி. ஓடினால் வருஷக்கணக்கில் ஓடும். ஓடாவிட்டால் சனிக்கிழமையே மூட்டை கட்டிவிடுவார்கள்.

போன மாதம் 'கிஸ்மத்' என்ற பழைய படத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1953-ல் பிராட்வேயில் வெற்றி பெற்ற மியூசிக்கல், 1955-ல் சினிமாவானது. கதை நடப்பது பாக்தாத்தில். அதில் மூன்று இளவரசிகள் கலீஃபாவைக் கல்யாணம் செய்துகொள்ள வந்து ஆடிக் காட்டுகிறார்கள். தயிருக்கு உறை வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெண், ஏழு வருஷமாகப் பரதம் படிக்கிறவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"அங்கிள், கழுத்தைப் பாருங்க. இது அட்டமி! அரைமண்டி வேற. பாக்தாத்ல இவங்களுக்கு யாரு பரதம் சொல்லிக்குடுத்தா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஒரு வாரப் பத்தி தேவைப்படுகிறது.

சொல்லிக் கொடுத்தவர் ஜாக் கோல். 1911-ல் நியூஜெர்ஸியில் பிறந்தவர். 1930-ல் 'டெனிஷான்' என்ற நடனப் பள்ளியில் சேர்ந்தார். அதை நடத்திய ரூத் செயின்ட் டெனிஸ் அம்மாளின் கதையே சுவாரஸ்யமானது. 1904-ல் ஒரு எகிப்திய சிகரெட் விளம்பரத்தில் பெண் தெய்வத்தின் படத்தைப் பார்த்தார். அந்தக் கணமே கீழை நாடுகளின் மேல் பக்தி வந்துவிட்டது. இந்தியாவைக் கண்ணால் பார்க்காமலே 1906-ல் 'ராதா' என்று ஒரு நாட்டியம் அமைத்து ஆடி, பெரும் பெயர் வாங்கிவிட்டார். டெனிஷானின் ஆரம்பகால இந்தியா இப்படிக் கற்பனையில் செய்தது.

கோலுக்கு அது போதவில்லை. நிஜம் எங்கே கிடைக்கும் என்று தேடினார். லா மெரி என்ற அமெரிக்கப் பெண்மணியிடம் பரதம் படித்தார். இந்த லா மெரி 1936, 37-ல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தபோது சென்னையில் பாபநாசம் வடிவேலுப் பிள்ளையிடம் முறையாகப் பாடம் கேட்டவர். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் கற்றுக்கொண்டவர். அந்த வருஷங்களை நினைத்துப் பாருங்கள். இங்கே இந்த ஆட்டம் இருக்கலாமா, ஒழிக்கலாமா என்று பத்திரிகைகளில் சண்டை. 1935 கடைசியில்தான் ருக்மிணி தேவி மேடை ஏறி 'குடும்பப் பெண்கள் ஆடலாமா?' என்று ஊரைப் பேச வைத்திருந்தார். நம் ஊரில் சதிர் தன் பெயரையே மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பாடம் கப்பலேறிவிட்டது.

கோல் அதை என்ன செய்தார்? அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்திருந்த காலம். கலை நடனத்துக்குக் காசு இல்லை, நைட் கிளப்பில் இருந்தது. முத்திரை, கண், கழுத்து எல்லாவற்றையும் வைத்து அடவு மாதிரி அமைத்தார். அதற்கு மிருதங்கமும் ஜதியும் வைக்கவில்லை. ஸ்விங் பேண்டை வாசிக்கச் சொன்னார். விஸ்கி கிளாஸோடு உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நம்ம ஊர் ரசிகர்கள் பார்த்திருந்தால் அடிக்கப் போயிருப்பார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் விளையாட்டுக்குச் செய்யவில்லை. முறையாகப் படித்துவிட்டுத்தான் கலைத்தார்.

பரதம் படித்தவர்களுக்குத் தெரியும். கழுத்து அசையும்போது தோள் அசையக் கூடாது. கை ஒரு கதை சொல்லும், கண் அதைத் தொடரும், கால் பாட்டுக்குக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும். உடம்பை இப்படிப் பாகம் பாகமாகப் பிரித்து ஆளும் வித்தையை கோல் எடுத்துக்கொண்டார். முழங்காலை நன்றாக மடித்துத் தரையோடு தாழ்ந்து ஆடுவதை எடுத்துக்கொண்டார். அதோடு ஹார்லெம் கறுப்பின மக்களின் லிண்டி ஹாப், ஸ்பானிஷ், கரீபிய ஆட்டங்கள் எல்லாவற்றையும் போட்டுக் கலந்தார். அப்படி வந்ததுதான் பிராட்வேயின் ஜாஸ் நடனம். 'மேடை ஜாஸ் நடனத்தின் தந்தை' என்று அவரைச் சொல்கிறார்கள்.

1940-களில் கொலம்பியா சினிமா கம்பெனிக்குள்ளேயே ஒரு நடனக் குழுவுக்கு மாதச் சம்பளம் வாங்கிக் கொடுத்து தினமும் பயிற்சி கொடுத்தார். பாலே உண்டு, பரதமும் உண்டு. மனுஷர் மகா கண்டிப்பு. வாயைத் திறந்தால் நெருப்பு. அழுதுகொண்டே கற்றவர்கள் உண்டு. ஆனாலும் போகமாட்டார்கள்.

1953-ல் 'ஜென்டில்மென் ப்ரிஃபர் பிளாண்ட்ஸ்' படத்தில் ரோஸ் நிற உடையில் மர்லின் மன்றோ வைரத்தைப் பற்றிப் பாடி ஆடுவாரே, அந்தத் தோள் குலுக்கல், விரல் நீட்டல் எல்லாம் கோல் போட்டது. படத்தின் நடனக் காட்சிகளை டைரக்டர் ஹாவர்ட் ஹாக்ஸ் அவரிடமே விட்டுவிட்டார். மற்றப் படங்களிலும் மன்றோ டைரக்டரைப் பார்க்காமல், காமிராவுக்குப் பின்னால் நிற்கும் கோலைப் பார்த்துத்தான் அசைவாராம். 'கோலெடுத்தால் குரங்கு ஆடும்' என்று நம்மிடம் பழமொழி. அங்கே ஜாக் கோல் எடுத்தார், மன்றோ ஆடினார். (மன்றோவைக் குரங்கு என்று சொன்னதாக யாரும் கடிதம் போடவேண்டாம்.) 1985-ல் மடோனா அதே ரோஸ் உடை, அதே படிக்கட்டோடு ஒரு வீடியோ எடுத்தார். உலகமே பார்த்தது. மன்றோ ஞாபகம் வந்தது எல்லோருக்கும். கோல் ஞாபகம் வந்தவர்கள் குறைவு.

அவருடைய உதவியாளர் க்வென் வெர்டன். குழந்தையில் ரிக்கெட்ஸ் வந்து கால் வளைந்து, கனமான பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தவர். காலைத் திருத்தத்தான் நடனத்தில் சேர்த்தார்கள். கோலிடம் வருஷக்கணக்கில் அடிபட்டுத் தேறி, பிராட்வே போய் நான்கு டோனி விருது வாங்கினார். இன்னொரு மாணவி கேரல் ஹேனி. 1954-ல் 'பஜாமா கேம்' நாடகத்தில் இவர் ஆடிய ஒரு நடனம் ஊரைக் கலக்கியது. அந்த நாடகத்துக்கு நடனம் அமைத்த இளைஞருக்கு பிராட்வேயில் அதுதான் முதல் வாய்ப்பு. பெயர் பாப் ஃபாஸி. அடுத்த வருஷம் 'டாம் யாங்கீஸ்' நாடகத்தில் ஃபாஸியும் வெர்டனும் சேர்ந்தார்கள். 1960-ல் கல்யாணமும் செய்துகொண்டார்கள். ஆக, ஃபாஸியின் நடனத்துக்கு முதலில் உடம்பு கொடுத்த இரண்டு பெண்களும் கோலின் பட்டறையில் அடித்து எடுத்தவர்கள். ஃபாஸி அதன் மேல் தொப்பி, கையுறை, கூனல் தோள் எல்லாம் போட்டுத் தனக்கென்று ஒரு பாணி செய்துகொண்டார். மேதை, சந்தேகமில்லை. 1973-ல் ஒரே வருஷத்தில் ஆஸ்கர், டோனி, எம்மி மூன்றும் வாங்கியவர்.

ஃபாஸியின் 'சிகாகோ' 1996-ல் மறுபடி மேடை ஏறியபோது நடனம் அமைத்தவர் ஆன் ரைன்கிங். பெயர்ப் பட்டியலில் 'பாப் ஃபாஸியின் பாணியில்' என்று தனியாகப் போட்டார்கள். ஃபாஸி இறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பாணிக்குக்கூடப் பெயர் போட்டார்கள் பாருங்கள், அது மரியாதை. கோலுக்கு அந்த பாக்கியம் இல்லை. 'கிஸ்மத்', 'ஜமைக்கா', 2,300 காட்சிகளுக்கு மேல் ஓடிய 'மேன் ஆஃப் லா மாஞ்சா' என்று வரிசையாகச் செய்தார். நாடகம் முடிந்ததும் ஆட்டமும் முடிந்தது. 1974-ல் காலமானார்.

ஏன் இப்படி? பாட்டு எழுதினால் காகிதம் இருக்கிறது. மெட்டுப் போட்டால் நோட்டேஷன் இருக்கிறது. நடனம் ஆடுகிறவர் உடம்பில் இருக்கிறது. அவருக்கு வயசானால் அதற்கும் வயசாகும். 1952-ல் ஹான்யா ஹோம் என்ற அம்மையார் 'கிஸ் மீ கேட்' நடனங்களை லாபன் குறியீட்டில் எழுதவைத்துப் போராடிப் பதிவு செய்தார். அதையே அதிசயமாகப் பேசினார்கள். அமெரிக்கச் சட்டம் நடன அமைப்பைப் பெயர் சொல்லிக் காப்புரிமையில் சேர்த்தது 1976-ல். அமலுக்கு வந்தது 1978 ஜனவரி 1. கோல் போய் நாலு வருஷம் கழித்து. 2012-ல் செட் வாக்கர் என்ற ஃபாஸி குழு நடனக்காரர், கோலின் நடனங்களை வைத்து நியூயார்க் குயின்ஸில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பேரன் வந்து தாத்தாவுக்குத் திவசம் செய்த மாதிரி.

சரி, கோலுக்காக இவ்வளவு வருத்தப்படுகிறோமே, அவருக்குப் பின்னால் ஒரு படி ஏறிப் பாருங்கள். லா மெரி. அவருக்குப் பின்னால் வடிவேலுப் பிள்ளை, கௌரி அம்மாள். 'கிஸ்மத்' டைட்டிலில் இவர்கள் பெயர் வராது, வர வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவும் மாட்டார்கள். ஹார்லெமில் லிண்டி ஹாப் ஆடியவர்களும் அப்படித்தான். கோல் பெயரை ஃபாஸி மறைத்தார் என்றால், கோலின் நிழலில் எத்தனை பேர் மறைந்திருக்கிறார்கள் என்றும் கணக்குப் பார்க்க வேண்டும். யாரும் வேண்டுமென்று திருடவில்லை. கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, அவ்வளவுதான். பெயர் காணாமல் போவதற்கு அது போதும்.

நியூயார்க்கை விடுங்கள். டிசம்பரில் உங்கள் வீட்டுக்கும் ஒரு அரங்கேற்றப் பத்திரிகை வரும். வழவழ காகிதம், எட்டுப் பக்கம். தலைமை தாங்கும் தொழிலதிபர் போட்டோ ஒரு பக்கம். மேக்கப், லைட்டிங், கேட்டரிங்குக்குக்கூடப் பெயர் இருக்கும். குருவின் பெயரும் இருக்கும். அந்த குருவுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார், இந்த வர்ணத்துக்கு ஜதி கோத்தவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. காப்பி குடிக்கும்போது அந்த டீச்சரிடம் மெதுவாகக் கேளுங்கள். முகம் மலர்ந்து இரண்டு பெயராவது சொல்வார். பத்திரிகையின் ஓரத்தில் பேனாவால் எழுதி வையுங்கள். ஆடின பெண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.