தாய்லாந்துப் பயணம் – 3: ஒவ்வொரு தடவையும் 220 பாத்

பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் கண்ணில் படுபவை பணம் மாற்றும் கவுன்ட்டர்களும் ஏ.டி.எம். வரிசையும்தான். இரவு விமானத்தில் தூங்காமல் வந்தவர்களின் கூட்டம் அங்கேதான் மொய்க்கிறது. டாக்ஸிக்குக் காசு வேண்டும், சிம் கார்டு வாங்க வேண்டும், குழந்தை அழுகிறது. இந்த அவசரத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் வந்த கோயம்புத்தூர்த் தம்பி, புதுமண மாப்பிள்ளை, ஒரு ஏ.டி.எம்.மில் 3,000 பாத் எடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“அண்ணா, ரூபாயிலேயே எவ்வளவு ஆகும்னு திரையில காட்டுச்சு. சரின்னு அழுத்திட்டேன். நல்லதுதானே?”

ரசீதை வாங்கிப் பார்த்தேன். 8,740 ரூபாய் என்று இருந்தது. அன்று பாத் ஒன்று ஏறக்குறைய 2.50 ரூபாய். அவர் கையில் இருந்த மூவாயிரம் பாத்தின் மதிப்பு 7,500 ரூபாய்தான். இயந்திரத்துக்குச் சொந்தமான வங்கியின் கட்டணம் 220 பாத், அதாவது 550 ரூபாய். அதையும் சேர்த்தால் 8,050. மேலே இருக்கும் 690 ரூபாய், திரையில் வந்த அந்த ஒரு கேள்விக்கு ‘சரி’ சொன்னதற்கான விலை.

இதைப் பயணம் போகிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு ஏ.டி.எம்.மில் உங்கள் கார்டைச் செருகியதும் அது இந்தியக் கார்டு என்று இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். “உங்கள் கணக்கில் இத்தனை ரூபாய் கழிக்கப்படும், சம்மதமா?” என்று கேட்கும். அந்த ரூபாய்க் கணக்கைப் போடுவது உங்கள் வங்கி அல்ல, விசாவோ மாஸ்டர்கார்டோ அல்ல. அந்த இயந்திரத்தின் தரப்பு. விகிதம் அவர்கள் வைத்ததுதான். வேண்டாம் என்று மறுத்தால் பணம் வராதோ என்று பலர் பயப்படுகிறார்கள். மறுத்தாலும் பணம் வரும். பாத்திலேயே கழிக்கச் சொல்லும் பொத்தானை அழுத்தினால், விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் விகிதத்தில் உங்கள் வங்கி கணக்குப் போடும். அந்த விகிதத்தை அவற்றின் இணையதளத்தில் முன்கூட்டியே யாரும் பார்த்துக்கொள்ளலாம். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ரூபாயிலேயே கழித்தாலும், நடந்தது வெளிநாட்டில் என்பதற்காகத் தனிக் கட்டணம் போடும் இந்திய வங்கிகள் இருக்கின்றன. அப்படியானால் இரண்டு பக்கமும் வெட்டு.

பாத்திலேயே எடுத்தால் செலவு இல்லையா என்று அவர் மனைவி கேட்டார். இருக்கிறது. அதையும் ரசீதின் பின்புறத்திலேயே போட்டுக் காட்டினேன். நம் ஊர் வங்கிகள் பலவற்றின் சாதாரண டெபிட் கார்டில், வெளிநாட்டு நாணயத்தில் நடக்கும் செலவுக்கு 3.5 சதவீதம் வரை ‘மார்க்கப்’ என்ற கூடுதல் கட்டணம் உண்டு. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அது போக, ஒவ்வொரு தடவை எடுப்பதற்கும் 125, 150 ரூபாய் என்று ஒரு நிலையான கட்டணம், அதற்கும் ஜி.எஸ்.டி. கூட்டிப் பார்த்தால் 3,000 பாத் எடுக்க மொத்தச் செலவு ஏறக்குறைய 1,030 ரூபாய். எடுத்த பணத்தில் நூற்றுக்குப் பதின்மூன்று ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. அதே கார்டில் ஒரே தடவையாக 20,000 பாத் எடுத்தால் செலவு 2,785 ரூபாய், நூற்றுக்கு ஐந்தரை. மார்க்கப் இல்லாத கார்டு என்றால் பெரும்பாலும் அந்த 220 பாத்தோடு முடிந்துவிடும். நூற்றுக்கு ஒரு ரூபாய் சொச்சம்.

தாய்லாந்து வங்கிகள் வெளிநாட்டுக் கார்டுகளுக்கு 2009இல் 150 பாத்தில் தொடங்கிய கட்டணம் இது. 180 ஆகி, 200 ஆகி, நான் போனபோது 220இல் வந்து நின்றது. நீங்கள் ஆயிரம் பாத் எடுத்தாலும் இருபதாயிரம் எடுத்தாலும் அதே 220. கையில் நிறையக் காசு வைத்திருப்பது ஆபத்து, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் சிக்கனக்காரர்தான் இங்கே அதிகமாக இழக்கிறார். பல வருடம் சேமித்து, முதல்முறை கடல் தாண்டி வரும் குடும்பங்களுக்கும் இதே கதிதான். இது நியாயமில்லை என்பது என் கருத்து. திரையில் 220 என்று எழுதிக் காட்டுவதால் மட்டும் அது நியாயமாகிவிடாது.

அந்தத் தம்பதியையும் அழைத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனேன். நகரத்துக்குப் போகும் ரயில் கிளம்புவது அங்கேதான். ரயில் நிலைய வாசலை ஒட்டி வரிசையாகச் சிறிய நாணய மாற்றுக் கடைகள். மேல்தளத்தில் வங்கிக் கவுன்ட்டர்கள் போட்டிருந்த விலையையும் இங்கே எழுதியிருந்ததையும் ஒப்பிட்டால், ஒரு நூறு டாலர் நோட்டுக்கே இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு மிஞ்சும். ஒரே கட்டடம், ஒரே நேரம், இரண்டு தளம் கீழே. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு நாள் செலவுக்கு மட்டும் மாற்றிக்கொண்டு, 45 பாத் சீட்டு வாங்கிப் பயா தாய் நிலையம் வரை ரயிலில் போனோம். டாக்ஸிக்கு என்று அவர்கள் எடுத்து வைத்திருந்த பணம் அப்படியே இருந்தது.

மறுநாள் மீதியை ராட்சடாம்ரி சாலைப் பக்கம் மாற்றினேன். சென்ட்ரல்வேர்ல்டு பேரங்காடிக்கு எதிர்ப்புறம் சூப்பர்ரிச் என்ற பெயரிலேயே பச்சை, ஆரஞ்சு என இரண்டு நிறத்தில் தனித்தனி நிறுவனங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஊர்க்காரர்களும் அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள். பாஸ்போர்ட் கேட்பார்கள், எடுத்துப் போக வேண்டும். விலைப் பலகையில் அமெரிக்க டாலர் ஒரே வரியில் இருக்காது. நூறு டாலர் நோட்டுக்கு ஒரு விலை, இருபதுக்கும் பத்துக்கும் அதைவிடக் குறைவு. கிழிந்த நோட்டு, பேனாக் கிறுக்கல் உள்ள நோட்டு, சின்னத் தலை போட்ட பழைய நோட்டு ஆகியவற்றை வாங்கத் தயங்குவார்கள். அதனால் சென்னையில் டாலர் வாங்கும்போதே புது நூறு டாலர் நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். விமான நிலையத்தில் வாங்காதீர்கள். இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு நகரத்துக்குள்ளேயே வாங்குங்கள். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகக் கொண்டுபோகலாம். இந்திய ரூபாயையும் பாங்காக்கில் வாங்குகிறார்கள். 25,000 ரூபாய் வரை எடுத்துச் செல்ல அனுமதியும் உண்டு. ஆனால் விமான நிலையக் கவுன்ட்டர்களில் அதற்குக் கொடுக்கும் விலையைப் பார்த்தால் மனம் வராது.

கார்டில் செலவு செய்யும்போதும் அந்த ரூபாய்க் கேள்வி துரத்திக்கொண்டே வரும். நான் தங்கிய விடுதியில் என்னைக் கேட்காமலேயே ரூபாயில் பில் போட்டுவிட்டார்கள். கையெழுத்துப் போடாமல், அதை ரத்து செய்து பாத்தில் போடச் சொன்னேன். ஒரு நிமிட வேலை, முகம் சுளிக்காமல் செய்தார்கள். அந்த விகித லாபத்தில் கடைக்காரருக்கும் ஒரு பங்கு போகும் ஏற்பாடு உண்டு. அதனால் நாம் கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள். கிரெடிட் கார்டை ஏ.டி.எம்.மில் மட்டும் செருகாதீர்கள். எடுத்த அன்றே வட்டி தொடங்கிவிடும், தனிக் கட்டணமும் வரும். ஃபாரெக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் அதில் எந்த நாணயத்தை ஏற்றினோம் என்று பார்க்க வேண்டும். டாலரை ஏற்றிவிட்டுப் பாத்தில் செலவு செய்தால் மறுபடியும் மாற்றுக் கட்டணம் விழும்.

நோட்டும் கார்டும் இல்லாமல் செலவு செய்யும் வழியை ஓரிடத்தில் பார்த்தேன். சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்து குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. இன்று வணங்க வருபவர்களில் பெரும்பாலானவர்கள் தாய் மக்கள். வெளியே பூமாலைக் கடையில், கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பார்த்தேன். அந்த அக்கா மாலைக்குக் காசு எடுக்கவில்லை. கடையில் ஒட்டியிருந்த க்யூ.ஆர். அட்டையைத் தன் மலேசிய வங்கிச் செயலியால் படம் பிடித்தார், முடிந்தது.

“எங்களுக்கு இது பழகிப்போச்சு தம்பி. சாப்பாடு, டீ, எல்லாம் இதுலதான். இந்தப் பயணத்துல மெஷின் பக்கமே போகல” என்றார்.

தாய்லாந்தில் கைபேசியில் பணம் அனுப்பும் ப்ராம்ப்ட்பே முறையைச் சிங்கப்பூரின் பேநௌவோடு 2021 ஏப்ரலில் இணைத்தார்கள். மலேசிய வங்கிகளோடும் க்யூ.ஆர். இணைப்பு வந்துவிட்டது. நம் யு.பி.ஐ.யும் இலங்கையிலும் மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரி 12 முதல் வேலை செய்கிறது. கொழும்புக்குப் போகிறவர்கள் அதை முயன்று பாருங்கள். ஏழை எளியவர்களுக்குக் கட்டணம் குறைய வேண்டுமானால் அரசுகள் செய்ய வேண்டிய வேலை இதுதான். பாங்காக்கின் தெருக்கடைகளில் எல்லாம் க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது, நம்மவர்களும் அதைப் பயன்படுத்த வழி பிறக்க வேண்டும்.

அதுவரை வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். புறப்படும் முன் உங்கள் வங்கிக்குப் போய், இந்தக் கார்டில் வெளிநாட்டில் மார்க்கப் எவ்வளவு, ஏ.டி.எம்.மில் ஒரு தடவைக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 2020 அக்டோபர் முதல் வழங்கப்படும் கார்டுகளில் அது மூடியே வருகிறது, செயலியில் நாம்தான் திறக்க வேண்டும். மீதியாகும் நோட்டுகளைப் பாங்காக்கிலேயே மாற்றிவிடுங்கள். நாணயங்களைச் செலவழித்துவிடுங்கள், சென்னையில் அவற்றை யாரும் வாங்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் அயுத்தயாவுக்குச் சாதாரண ரயிலில் போகிறோம். மூன்றாம் வகுப்புச் சீட்டு 20 பாத்துக்குள்தான். சில்லறையாக வைத்திருங்கள்.