வண்டிப்பாதையில் ஒரு சைக்கிள் பயணம்
ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பால்கோவாவுக்கான பால், நெடுங்காலம் ஊருக்குள் வந்து சேர்ந்தது பெரும்பாலும் சைக்கிளில்தான். கேரியரின் இரு பக்கமும் கேன்களைக் கட்டிக்கொண்டு, இருட்டு விலகும் முன்பே பால்காரர்கள் தோப்புகளிலிருந்து புறப்படுவார்கள். தார்ச்சாலையைத் தேடிச் சுற்றிப் போவதில்லை. கண்மாய்க்கரை, ஓடைக்கரை, வண்டிப்பாதை என்று எது குறுக்கோ அதுவே வழி. இன்று பலர் மோட்டார் பைக்குக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் அந்தப் பாதைகளில் பல இன்னும் மிச்சம் இருக்கின்றன.

இதே மாதிரிப் பாதைகளில் சைக்கிள் மிதிப்பது இப்போது வெளிநாடுகளில் பெரிய பொழுதுபோக்கு. 'கிராவல் சைக்கிளிங்' என்று பெயர். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006-ல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இதில் பேர்போனது. அது நடப்பது மைதானத்தில் அல்ல. மேய்ச்சல் நிலங்களுக்கும் பண்ணைகளுக்கும் நடுவே போகும் சரளைச் சாலைகளில். அதற்கென்று விற்கும் சைக்கிள்களின் டயர் 40 மி.மீ. அகலத்தை ஒட்டியே இருக்கும். நம் ஊர்ப் பழைய 28 இன்ச் சைக்கிளின் ஒன்றரை இன்ச் டயரும் ஏறக்குறைய அதே அகலம்தான். ஆகவே வீட்டில் சும்மா நிற்கும் சைக்கிளுக்குக் காற்றடித்தாலே போதும்.

நெடுஞ்சாலையை விட்டு மேற்கே...

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே சுமார் 12 கி.மீ. தூரம். இரண்டையும் இணைப்பது திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. லாரிகளும் பேருந்துகளும் ஓயாது. சபரிமலை சீசனில் கேட்கவே வேண்டாம். அந்தச் சாலையை விட்டு மேற்கே இரண்டு மூன்று கி.மீ. தள்ளினால் ஹாரன் சத்தம் அடங்கிவிடும். மம்சாபுரம் வழியாக உள்ளூர்ச் சாலைகளைப் பிடித்தே இரண்டு ஊர்களுக்கும் இடையே போய்வரலாம். இடையிடையே தார் இருக்கும். தோப்புகளுக்குப் பிரியும் கிளைப்பாதைகள் செம்மண்ணும் சரளையும்தான்.

மண்ணைப் பார்த்துக்கொண்டே போனால் இந்த வட்டாரத்தின் விவசாயம் புரிந்துவிடும். மலையடிவாரத்தில் தண்ணீர் வடியும் செம்மண். அதனால் மாவும் தென்னையும். சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று இந்தப் பக்கத்துக்கே உரிய மா ரகங்கள் நிற்கும் தோப்புகள் இவை. கண்மாய்களுக்குக் கீழே நெல்லும் கரும்பும். கிழக்கே இறங்க இறங்கக் கரிசல் எட்டிப்பார்க்கும். அது பருத்திச் சீமை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதும், ராஜபாளையத்தில் நூற்பாலைகள் பெருகியதும் சும்மா அமைந்தவை அல்ல.

மழை பெய்த மறுநாள் கரிசலில் சைக்கிள் வேண்டாம். மண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. செம்மண் சரளைப் பாதை அப்படியில்லை. இரண்டு நாள் வெயில் அடித்தால் இறுகிவிடும்.

கண்மாய்க்கரையில்

இந்த மலையில் விழும் மழை ஓடைகளில் இறங்கி, ஒரு கண்மாயை நிரப்பி, மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. கடைசியில் வைப்பாற்றில் சேர்ந்து மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. காரில் போகிறவருக்கு இந்தச் சங்கிலி தெரியாது. கரைமேல் சைக்கிளில் போகிறவருக்கு ஒவ்வொரு கண்ணியும் தெரியும்.

வடகிழக்குப் பருவமழை முடிந்த டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான் இதற்கு ஏற்ற காலம். நீர் நிறைந்த கண்மாய்களில் நாரைகளும் கொக்குகளும் இறங்கியிருக்கும். மாமரங்கள் பூத்திருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடமேற்கே வத்திராயிருப்புப் பக்கம் போனால் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். அவற்றின் தண்ணீரை வாங்கும் கண்மாய்களும், அவற்றுக்குக் கீழே நெல் வயல்களும் கண்ணுக்கெட்டிய தூரம் இருக்கும்.

இங்கே ஆயக்கட்டு விவசாயிகளுக்கு ஒரு யோசனை. மாதம் ஒருமுறை உங்கள் கண்மாய்க்கரையில் கடைசி வரை சைக்கிளில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். கரையின் வெளிப்பக்க அடியில் ஈரம் கசிகிறதா, எலி வளை, நண்டு வளை இருக்கிறதா, மடைப் பலகை இறங்கி ஏறுகிறதா, கலுங்கில் விரிசல் உண்டா, வரத்துக்காலை யாராவது மண்போட்டு அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். உடைப்பு எடுத்த பிறகு ஆயிரம் மூட்டை மண் போட்டும் அடங்காதது, தொடக்கத்தில் ஒரு கூடை மண்ணில் அடங்கும். கையோடு பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் எடுத்துக்கொள்ளுங்கள். கரை நெடுக உதிர்ந்து கிடக்கும் சீமைக் கருவேல முள், எந்த டயரையும் விட்டுவைக்காது.

காட்டின் வாசலில்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 8 கி.மீ. மேற்கே செண்பகத்தோப்பு. ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு சாலையில் சுமார் 10 கி.மீ. போனால் அய்யனார் கோயில். வழியிலேயே ராஜபாளையம் நகருக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். இரண்டு பக்கமும் தோப்புகள் முடியும் இடத்தில் காடு தொடங்குகிறது.

சைக்கிளும் அங்கேயே நின்றுவிட வேண்டும். 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. காப்பகத்தின் மொத்தப் பரப்பு சுமார் 1,016 சதுர கி.மீ. வனத்துறை அனுமதிக்கும் இடம் வரை, அனுமதிக்கும் நேரத்தில் மட்டுமே போகலாம். மலையில் பெய்தால் கீழே வெயில் அடித்தாலும் ஆற்றில் திடீரென்று வெள்ளம் வரும்; வேண்டாம் என்றால் திரும்பிவிடுவதே நல்லது.

சாம்பல் நிற அணில் கூடுமானவரை தரையில் இறங்காது. கிளைக்குக் கிளை தாவியே இரை தேடும். அதனால் மரங்களின் தலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஓடைக்கரையில் நிற்கும் பழைய மாவும் புளியும் அதற்குப் பாதை. தோப்பை ஒட்டி நிற்கும் அப்படிப்பட்ட மரங்களை வெட்டும் முன் ஒருமுறை யோசிக்கலாம்.

பாதை யாருடையது?

வெளியூர்க்காரருக்கு இந்த மண்பாதை ஒருநாள் சந்தோஷம். தோப்புக்காரருக்கு அதுதான் பிழைப்பு. மாங்காய்க் கூடை வெளியே வருவதும், எருவண்டி உள்ளே போவதும் அதில்தான். வழி அடைபட்டால் வண்டி நிற்கும் இடம் வரை தலைச்சுமைக் கூலி. அதைவிட, ராத்திரியில் காவலுக்குப் படுத்தவரைப் பாம்பு தீண்டினால் 108 ஆம்புலன்ஸ் வந்து சேரும் வழியும் அதுவே.

ஆனால் பாதைகள் சத்தமில்லாமல் சுருங்கி வருகின்றன. ஒருவர் வேலியை ஒரு முழம் தள்ளிப் போடுகிறார். அடுத்தவர் தென்னங்கன்றை ஓரத்தில் வைக்கிறார். பத்து வருடத்தில் மாட்டுவண்டி போன இடத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அதன் பிறகு, "இங்கே பாதையே இல்லையே" என்ற பேச்சு வரும்.

இதற்குப் பதில் காகிதத்தில் இருக்கிறது. கிராம வரைபடம், புலப்படம், 'அ' பதிவேடு ஆகியவற்றில் வண்டிப்பாதை, ஓடை, கண்மாய் புறம்போக்கு எதுவென்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்கலாம். புலப்படமும் 'அ' பதிவேடும் அரசின் இணையதளத்திலும் கிடைக்கும். பட்டா நிலத்தின் வழியே போகும் பாதை என்றால், கிரயப் பத்திரத்தில் 'மாமூல் வழிநடைப் பாத்தியம், வண்டிப்பாதைப் பாத்தியம்' என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். நிலம் வாங்கும்போது கிணற்றையும் மண்ணையும் பார்ப்பவர்கள் இந்த வரியைப் பார்க்காமல் விட்டு, பின்னால் அலைவது உண்டு. ஆக்கிரமிப்பு என்று தெரிந்தால் தாசில்தாருக்கு மனு கொடுங்கள். கிராம சபையிலும் எழுப்புங்கள். கண்மாய் ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கென்றே 2007-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

நல்ல வழி, பாதையில் ஆள் நடமாட்டம் இருப்பதுதான். தினமும் சக்கரம் உருளும் பாதையில் யாரும் துணிந்து வேலி போட மாட்டார்கள். அந்த வகையில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வருகிறவரும் ஊருக்கு ஒரு சாட்சிதான்.

போகிறவர்கள் கவனத்துக்கு

* விடிந்த பிறகு புறப்பட்டு, மாலை 5 மணிக்கு முன் அடிவாரத்தை விட்டுத் திரும்புங்கள். அந்தி சாய்ந்தால் யானையும் காட்டுப்பன்றியும் தோப்புகளில் இறங்கும்.
* வேலிக் கம்பியைத் தொடாதீர்கள். மின்சாரம் பாய்கிறதா என்று பார்வைக்குத் தெரியாது.
* திறந்த படலைத் திரும்பச் சாத்துங்கள். ஆடு மாடு எதிரே வந்தால் இறங்கி நில்லுங்கள்.
* தோப்புக்குள் போவதானால் காவல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கீழே கிடக்கும் காயும் ஒருவருடைய விளைச்சல்தான்.
* குரங்குக்குத் தீனி போடாதீர்கள். பிளாஸ்டிக்கை விட்டு வராதீர்கள். ஓடையில் விழும் பை கடைசியில் உங்கள் மடையைத்தான் அடைக்கும்.