ஆவடி சார் சீட்டை மடக்க மாட்டார்

போக்கரை இரண்டு விதமாக ஆடலாம். எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும் நம் ஆட்டத்தில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. எதிரே இருப்பவரின் பழக்கத்தைக் கண்டுபிடித்து, அவருக்கென்றே ஆட்டத்தை வளைப்பது இன்னொன்று. எது மேல் என்ற கேள்வி வெகுநாள் என்னை விடவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்கு டூல் ரூம் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் நாலு பேர் கூடுவோம். ஆவடி டேங்க் பேக்டரியில் ரிடையர் ஆன சார், பூந்தமல்லியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணன், எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்புக்குக் கணக்கு எழுதும் அக்கா, அப்புறம் நான். பந்தயமெல்லாம் புளியங்கொட்டையில்தான். காசு கூடாது என்பதில் நாலு பேருமே கண்டிப்பு.

நான் முதலில் கற்றது ஓட்டை விழாத ஆட்டத்தை. அதன் கணக்கு அழகானது. நடுவில் 30 கொட்டை கிடக்கிறது, கடைசிச் சுற்றில் நான் 30 வைக்கிறேன். எதிராளி 30 போட்டு என் சீட்டைப் பார்த்தால், ஜெயித்தால் 60 லாபம், தோற்றால் 30 நஷ்டம். நான் வைக்கும் மூன்று பந்தயத்தில் ஒன்று பொய், அதாவது உதவாத சீட்டோடு வைத்தது என்றால், அவர் பார்த்தாலும், கொட்டை போடாமல் சீட்டை மடக்கி விலகினாலும் அவருக்கு ஒன்றுதான். இரண்டு பேர் மோதும் இப்படிப்பட்ட ஆட்டங்களில், எதிராளியால் உடைக்கவே முடியாத ஒரு கலவை உண்டு என்று ஜான் வான் நியூமன் 1928-லேயே நிரூபித்துவிட்டார்.

கணக்கு தெரிந்தாலும் மனசு ஒத்துழைக்காது. ஒரு தடவை பிடிபட்டால் அடுத்த நாலு தடவை கை பின்வாங்கும். அதனால் கைக்கடிகாரத்தை நம்பினேன். உதவாத சீட்டு வந்து, வினாடி முள் பன்னிரண்டிலிருந்து ஆறுக்கு இறங்கிக்கொண்டிருந்தால் பொய்ப் பந்தயம், ஏறிக்கொண்டிருந்தால் விட்டுவிடுவேன். நல்லதும் உதவாததும் சரிபாதியாக வரும் இடத்தில் இது இரண்டு நல்ல சீட்டுக்கு ஒரு பொய் என்று அமைந்துவிடும். நல்ல சீட்டு வந்தாலும் முள்ளைப் பார்ப்பேன். இல்லையென்றால் பார்ப்பதே காட்டிக்கொடுத்துவிடும்.

தோற்கவில்லை, ஆனால் பெரிதாக ஜெயிக்கவும் இல்லை. ஆவடி சார் எதையும் மடக்க மாட்டார். “வச்சுட்டீங்க இல்ல, பார்த்துடுவோம்” என்று சிரித்துக்கொண்டே போடுவார். அவரிடம் நான் வைக்கும் ஒவ்வொரு பொய்யும் வீண். பூந்தமல்லி அண்ணன் நேர் எதிர். சீட்டு பலமாக இல்லையென்றால் யோசிக்காமல் கவிழ்த்துவிடுவார். என் 30-க்குப் பாதித் தடவைக்கு மேல் ஒருவர் மடக்குகிறார் என்றாலே, எந்தச் சீட்டை வைத்துப் பொய் சொன்னாலும் லாபம்தான். கடிகாரத்துக்கு இது எதுவும் தெரியாது.

எனவே ஆளைப் பார்த்து ஆட ஆரம்பித்தேன். சாரிடம் பொய்யே கிடையாது. சுமாரான ஜோடி இருந்தாலும் தைரியமாக வைத்தேன். அண்ணனிடம் கூசாமல் பொய் வைத்தேன். என் பக்கம் கொட்டை குவிந்தது. கொஞ்ச நாளில் குவியல் அக்காவின் பக்கம் நகர்ந்தது. ஏன் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஒருநாள் அவரே சொன்னார்: “தம்பி, சார் ஆட்டத்துல இருந்தா நீங்க பொய்யே வைக்க மாட்டீங்க, அதான் நான் மடக்கிடறேன். அண்ணன் இருந்தா பாதிக்கு மேல பொய்தான், அதான் ஏத்தி வைக்கிறேன்.” இரண்டு பேருக்காக நான் வளைத்த ஆட்டத்தை மூன்றாவது ஆள் உட்கார்ந்து படித்திருக்கிறார். எதிராளியின் ஓட்டைக்குள் கைவிடும்போது நம் விலா திறந்துகொள்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

லிப்ராட்டஸ் என்ற கணினி நிரலைப் பற்றிப் படித்தபோது இதன் மறுபக்கம் தெரிந்தது. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களோடு 1,20,000 கைகள் ஆடி அது ஜெயித்தது. இத்தனைக்கும் அது எதிராளிகளின் பலவீனத்தைத் தேடவில்லை. பகலில் அவர்கள் எந்த இடத்தில் குத்திப் பார்த்தார்களோ, தன்னிடம் இருக்கும் அந்த ஓட்டையை ராத்திரியில் அடைத்துக்கொண்டது. எனக்கு இதில் பெரிய மரியாதை.

மாடிக்கு வெளியே, இணையத்தில் காசுக்கு ஆடும்போது கதை வேறு. தமிழ்நாட்டில் 2022-இல் இயற்றப்பட்ட சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. அவை திறமை ஆட்டங்கள், அந்தப் பட்டியல் செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடே பார்க்காமல், காசு கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை மொத்தமாகத் தடை செய்தது. போக்கர் திறமை ஆட்டம் என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். தடையை ஆதரிப்பதும் அதனால்தான். இந்தத் திறமையில் பெரும்பங்கு, யார் எங்கே தவறுவார் என்று அளப்பது. நம் பழைய கைகளைச் சேர்த்துவைத்து, எத்தனை சதவீதம் மடக்குகிறோம் என்று எதிராளிக்குக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. ஷிப்டு முடிந்து பஸ்ஸில் போனைத் திறக்கும் பையனுக்கு எதிரே இருப்பவர் யாரென்றே தெரியாது. மாடியில் அக்கா என்னைப் படித்தார் என்றால், அவரைப் படிக்க எனக்கும் அதே வெளிச்சம் இருந்தது.

இப்போது புது ஆள் யாராவது வந்தால் கடிகாரத்தில்தான் தொடங்குகிறேன். கண்ணால் கண்ட அளவுக்கு மட்டும், கொஞ்சமாக வளைக்கிறேன். ஆவடி சாரிடம் அவ்வப்போது ஒரு பொய் வைக்கிறேன். அவர் பார்த்துவிடுவார், கொட்டை போய்விடும். ஆனால் அக்கா அதைக் கவனிக்கிறார். அடுத்த முறை என் நல்ல சீட்டுக்குக் கொட்டை போடுகிறார். அந்த நஷ்டத்தை விட இந்த வரவு அதிகம். போன மாதத்திலிருந்து அவரும் எதையோ மாற்றியிருக்கிறார். சாரிடம் அதிகமாக ஏற்றுகிறார், என்னிடம் குறைத்துக்கொள்கிறார். ஏனென்று நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறேன், இன்னும் பிடிபடவில்லை.