அடுப்பங்கரைச் சர்வகலாசாலை

கானடா தேசத்தின் கிழக்குக் கரையில், அட்லாண்டிக் மகாசமுத்திரத்துக்குள் நீட்டிய கையைப்போலக் கிடக்கிறது நோவா ஸ்கோஷியா மாகாணம். உல்லாசப் பிரயாணிகள் அங்கே போவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. இலையுதிர் காலத்தில் மேப்பிள் மரங்களெல்லாம் குங்குமத்தை அள்ளிப் பூசிக்கொண்டு நிற்கும். மார்கரி நதியில் சால்மன் மீன் துள்ளும். கேப் பிரெட்டன் தீவின் மலைச்சாலையில் மோட்டாரில் போகிறவர்கள், கடலைப் பார்ப்பதா மலையைப் பார்ப்பதா என்று திண்டாடுவார்கள். நாம் போனதற்குக் காரணம் வேறு. சங்கம் வைத்த பிறகு படிப்பு என்பது உலக வழக்கமாயிருக்க, படித்து முடித்துப் பிறகு சங்கம் வைத்த ஜனங்கள் அந்தக் கரையில் இருந்தார்கள் என்று கேள்விப்பட்டோம். அவர்கள் பண்டிதர்கள் அல்லர். மீனவர்களும், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும், சிறு குடியானவர்களும்.

ஹாலிபாக்ஸ் விமான நிலையத்திலிருந்து வடகிழக்கே சுமார் இரண்டு மணி நேரம் மோட்டாரில் போனால் ஆன்டிகோனிஷ் வருகிறது. சிறிய ஊர். ஸ்காத்லாந்து மலைநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களின் சந்ததியார் நிறைந்த ஊர். 1863 முதல் அவர்கள் தங்கள் பழைய மலைநாட்டு விளையாட்டு விழாவை இங்கே நடத்தி வருகிறார்கள். ஊரின் நடுநாயகமாக இருப்பது செயின்ட் பிரான்ஸிஸ் ஸேவியர் சர்வகலாசாலை. 1853-ல் அரிஷாட் என்ற கடற்கரை ஊரில் தொடங்கி, இரண்டு வருஷத்தில் இங்கே குடிபெயர்ந்தது. செங்கல் கட்டிடங்களையும் பசும்புல் வெளியையும் பார்த்தால், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் பட்டம் வாங்கிப்போகும் இடம் என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு காலத்தில் இந்தக் கலாசாலையின் உண்மையான வகுப்புகள் இங்கே நடக்கவில்லை. எழுபது எண்பது மைலுக்கு அப்பால், செம்படவர் வீட்டு அடுப்பங்கரைகளில் நடந்தன.

இதற்கு மூல புருஷர்கள் இருவர். இருவரும் கத்தோலிக்கப் பாதிரிமார். மார்கரி பள்ளத்தாக்கில் பிறந்த உறவினர்கள். ஒருவர் ஜேம்ஸ் டாம்ப்கின்ஸ். மெலிந்த, சிறிய உருவம். மற்றவர் மோசஸ் கோடி; மலைபோன்ற சரீரம். பெயர்தான் கோடியே ஒழிய, அவர் வாழ்நாளெல்லாம் பேசியது சில்லறைக் காசு கணக்குத்தான்! வாரத்துக்கு ஒரு சிறு நாணயம் மிச்சம் பிடித்துச் சங்கத்தில் போடுவது எப்படி என்பதே அவருடைய பிரசங்கம்.

டாம்ப்கின்ஸ் சர்வகலாசாலையின் உப தலைவராயிருந்தவர். படிப்பு ஜனங்களைத் தேடிப் போகவேண்டும் என்று 1921-ல் ஒரு சிறு பிரசுரம் எழுதினார். அதே வருஷம் கலாசாலையில் 'ஜனங்களின் பள்ளி' ஒன்று நடந்தது. நுழைவுப் பரீட்சை இல்லை, முன் படிப்பு வேண்டியதில்லை. இளைஞர்களும் நரைத்த தலைக்காரர்களும் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து சில வாரம் பாடம் கேட்டார்கள். பிறகு, கலாசாலைகளை ஒன்று சேர்க்கும் விஷயமாக ஆயருக்கும் டாம்ப்கின்ஸுக்கும் அபிப்பிராய பேதம் உண்டாயிற்று. பலனாக, அவரைக் கான்சோ என்ற மீனவர் ஊருக்குப் பங்குக் குருவாக மாற்றிவிட்டார்கள்.

கான்சோவுக்கு நாமும் போனோம். மாகாணத்தின் தலைநிலப் பகுதி கிழக்கே முடிவடையும் இடம் அது. அதற்கப்பால் தண்ணீர்தான். காற்று வீசுகிற வீச்சில் தொப்பி போட்டவர்கள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு கலாசாலை அதிகாரியை இங்கே அனுப்புவதற்குத் தண்டனை என்பதைத் தவிர வேறு பெயர் சொல்வது கஷ்டம். அவரோ படகுத் துறையில் மீனவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு பத்திரிகையையும் பிரசுரங்களையும் கையில் திணித்துக்கொண்டிருந்தார். 'நீ பிடித்த மீனுக்கு விலை வைக்கிறவன் யார்? ஏன் அவன் வைக்கிறான்?' என்ற கேள்வியைத் திரும்பத் திரும்பப் போட்டார். 1927 ஜூலை 1-ந் தேதி கானடா ஐக்கியத்தின் அறுபதாவது ஆண்டு விழா. தேசமெங்கும் கொடியும் வாத்தியமும். கான்சோ மீனவர்கள், 'நாம் எதற்காகக் கொண்டாடவேண்டும்?' என்று கேட்டுக் கூட்டம் கூடினார்கள். அந்தச் சத்தம் ஓட்டவா நகரம் வரையில் கேட்டது. மீன்பிடி தொழிலின் நிலைமையை விசாரிக்க அரசாங்கம் ஒரு ராயல் கமிஷன் நியமித்தது. மறு வருஷம் சர்வகலாசாலை ஒரு விஸ்தரிப்பு இலாகாவை ஏற்படுத்தி, கோடியை அதற்குத் தலைவராக்கியது.

கோடி கரையோரமெல்லாம் சுற்றினார். 1930-ல் மீனவர்களின் ஐக்கிய ஸ்தாபனம் ஒன்று அவர் முயற்சியால் ஏற்பட்டது. ஆனால் நம் மனத்தைக் கவர்ந்தது அந்த ஸ்தாபனமல்ல, அதற்கு அடியில் இருந்த ஏற்பாடு.

அது இப்படி நடந்தது. முதலில் ஊரார் எல்லோரையும் கூட்டி ஒரு பெரிய பொதுக்கூட்டம். கோடி எழுந்து இடிபோல் முழங்குவார். ஜனங்கள் கலைந்துபோகுமுன், அக்கம்பக்கத்து ஆட்களாகப் பார்த்து சிறு சிறு குழுக்களாகப் பிரித்துவிடுவார்கள். அதற்குப் படிப்புக் குழு என்று பெயர். வாரம் ஒரு நாள் யாராவது ஒருவர் வீட்டில் கூடவேண்டும். குளிர் நாடாகையால் கூடுமிடம் அநேகமாக அடுப்பங்கரை. வாத்தியார் கிடையாது, குழுவில் ஒருவரே தலைவர். இலாகாவிலிருந்து சிறு பிரசுரங்கள் வரும். எழுத்துத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார். தெரியாதவர் கேள்வி கேட்பார். கேள்வி எப்போதும் சொந்த ஊரைப் பற்றியது: நம் ஊரில் பணம் எங்கே வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது? வலை, கயிறு, உப்பு, மாவு இவற்றைக் கடனுக்கு வாங்கி, மீனைக் கடைக்காரனிடமே கொடுத்துவிட்டு, கணக்கு என்னவென்றே பார்க்காமல் இருந்தவர்கள் முதல் தடவையாகக் கணக்குப் பார்த்தார்கள்.

பல குழுக்கள் மாதத்துக்கு ஒருமுறை ஒன்றாகக் கூடும். இந்த ஊர்க் குழு என்ன கண்டுபிடித்தது, அடுத்த ஊர்க் குழு எங்கே தவறிற்று என்பதெல்லாம் அங்கே வெளிவரும். குழுத் தலைவர்களுக்கென்று கலாசாலையில் சில வாரப் பள்ளியும் உண்டு. 1933 முதல் ஒரு பத்திரிகையும் வந்தது. 1943-ல் ஆன்டிகோனிஷில் ஒரு ரேடியோ நிலையம் ஏற்பட்ட பிறகு பாடம் ஆகாய மார்க்கமாகவும் போயிற்று. கிறிஸ்தவக் கன்னிமார்களும், ஐடா காலண்ட் போன்ற இளம் பெண்களும் ஸ்திரீகளின் குழுக்களை நடத்தினார்கள். வீட்டுச் செலவுக் கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் படிக்காத வரையில் சங்கம் நிலைக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் வாசகிகளுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

குழு எதைப் படித்ததோ அதையே பிறகு செய்தது. கான்சோவுக்கு அருகில் லிட்டில் டோவர் என்ற குக்கிராமம். அங்கிருந்த மீனவர்கள் தாங்களே காட்டில் மரம் வெட்டி, தாங்களே சிங்கி இறால் டப்பாத் தொழிற்சாலை கட்டிக்கொண்டார்கள். 1932-ல் மாகாணத்தில் நாணய சங்கச் சட்டம் வந்தது. ஊருக்கு ஊர் நாணய சங்கமும் பண்டகசாலையும் தோன்றின.

கான்சோ ஜலசந்தியின் குறுக்கே 1955-ல் திறந்த கல்லணைப் பாதையைக் கடந்து கேப் பிரெட்டன் தீவுக்குள் போனோம். சிட்னி நகரத்துக்கும் கிளேஸ் பே என்ற ஊருக்கும் இடையில் ரிஸர்வ் மைன்ஸ் இருக்கிறது. 1935-ல் டாம்ப்கின்ஸ் இங்கே மாற்றப்பட்டார். வந்ததும் தமது குருமனையின் முன்னறையைப் புத்தகசாலை ஆக்கினார். கம்பெனியார் கட்டிய நெருக்கமான வரிசை வீடுகளில் வாடகைக்கு இருந்த சுரங்கத் தொழிலாளர் சிலர், சொந்த வீடு கட்டமுடியுமா என்று படிக்க ஆரம்பித்தார்கள். மேரி அர்னால்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி அவர்களோடு சேர்ந்துகொண்டார். அஸ்திவாரம், செங்குத்துச் சுவர், வட்டிக் கணக்கு, நிலவரி எல்லாம் பாடம். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டை முதலில் அட்டையில் கட்டிப் பார்த்தது. கையில் பணமில்லை, தங்கள் உழைப்பையே தங்கள் பங்காக வைத்தார்கள். மாகாண வீட்டு வசதிக் கமிஷன் கடன் கொடுத்தது. 1938-ல் 11 வீடுகள் எழும்பின. அந்தக் குடியிருப்புக்கு டாம்ப்கின்ஸ்வில் என்று பெயர். பகலெல்லாம் பூமிக்கு அடியில் கரி வெட்டியவர்கள், மாலையில் பூமிக்கு மேலே தங்கள் சுவரை எழுப்பினார்கள்.

இப்போது நம் ஊரை நினைக்காமல் இருக்க முடிகிறதா? கூட்டுறவில் நாம் இவர்களுக்கு இளையவர்கள் அல்லர். 1904-ல் இந்தியாவில் சட்டம் வந்தது. அதே வருஷம் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் விவசாய நாணய சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணியில் பண்டகசாலையும் பிறந்துவிட்டன. சங்கங்களுக்கும் கட்டிடங்களுக்கும் குறைவில்லை. ஆனால் நாம் அங்கத்தினராயிருந்த ஒரு சங்கத்தின் மகாசபைக் கூட்டத்தில் கேசரியும் காபியும் வந்த வேகத்தில் ஐந்தொகைக் கணக்கு வரவில்லை. வந்தபோது அதைக் கேட்பதற்குக் கூட்டமும் இல்லை. எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்ட கிழவரை, 'உட்காருங்கள் தாத்தா, நாழியாகிறது' என்று உட்காரவைத்துவிட்டார்கள். ரிஸர்வ் மைன்ஸ் அடுப்பங்கரையில் அந்தக் கிழவர்தான் குழுத் தலைவராயிருந்திருப்பார்.

நோவா ஸ்கோஷியாவில் எல்லாம் சுபம் என்றும் எண்ணிவிட வேண்டாம். மீனவர்களின் ஐக்கிய ஸ்தாபனம் 1988-ல் முறிந்தது. சில வருஷங்களுக்குள் காட் மீனே கடலில் அருகிப்போய், பிடிக்கக்கூடாதென்று அரசாங்கம் தடை போட்டது. 2001-ல் கேப் பிரெட்டனின் கடைசிப் பெரிய சுரங்கமும் மூடப்பட்டது. 2012-ல் கான்சோ நகரசபை என்ற அந்தஸ்தை இழந்தது. 2015-ல் அட்லாண்டிக் கரையின் பெரிய கூட்டுறவு மொத்தப் பண்டகசாலை தன் மளிகை வியாபாரத்தைத் தனியார் கம்பெனிக்கு விற்றுவிட்டது. மீன் போனதற்கும் கரி போனதற்கும் படிப்பைக் குற்றம் சொல்ல நியாயமில்லை. ஆனால் கடைகள் பெருகப் பெருக அடுப்பங்கரைக் கூட்டங்கள் குறைந்தன என்பதும் உண்மை. தகப்பனார் படித்துக் கட்டிய கடையில் பிள்ளை வெறும் வாடிக்கைக்காரன் ஆனான். வாடிக்கைக்காரனுக்கு எதிர்க்கடையில் விலை குறைந்தால் அங்கே போக எவ்வளவு நேரம்?

கோடி 1959-ல் காலமானார். அதே வருஷம் சர்வகலாசாலை அவர் பெயரால் ஓர் அகில உலக நிலையத்தை நிறுவியது. அன்று முதல் ஆப்பிரிக்கா, ஆசியா, தென் அமெரிக்கா என்று நூற்றுக்கு மேற்பட்ட தேசங்களிலிருந்து கிராம ஊழியர்களும் சங்கக் காரியதரிசிகளும் அங்கே வந்து பயின்றிருக்கிறார்கள். வகுப்பில் நடப்பது பாதிப் பாடம்தான். பால் சங்கம் வைத்தவரும் காப்பிச் சங்கம் வைத்தவரும் ஒரே மேஜையில் சாப்பிட உட்காரும்போது, அதே பழைய மாதாந்தரக் கூட்டம், உலகப் படத்தின் அளவுக்கு விரிந்து நடைபெறுகிறது. கற்பிக்கிற நிலையமும் கற்றுக்கொள்கிறது. ஒரு கிராமத்தில் என்ன இல்லை என்று ஜாபிதா போடுவதை விட்டு, என்ன இருக்கிறது என்று கணக்கெடுத்துத் தொடங்கும் முறையை அவர்கள் பல நாடுகளின் அனுபவத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள்.

அந்த அனுபவங்களில் நமது ஆமதாபாத்து 'சேவா' ஸ்தாபனமும் ஒன்று என்று அறிந்தபோது நமக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஈலா பட் அம்மையார் 1972-ல் தொடங்கிய சங்கம் அது. காய்கறி விற்பவர்களும் பழந்துணிக்காரிகளும் பாரம் சுமப்பவர்களும் தலைக்குப் பத்து ரூபாய் போட்டு 1974-ல் தங்களுக்கென்று ஒரு பாங்கி வைத்தார்கள். பதிவு செய்யும் அதிகாரி முன் கையெழுத்துப் போட வேண்டுமே, எழுத்தே தெரியாதே என்று பிரச்னை வந்தது. தொடக்க அங்கத்தினர்களான அந்தப் பெண்கள், ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள்.