புகை குடித்த பனங்கை

இப்போதெல்லாம் பால் காய்ச்சுவதற்கு முன்பே பூச்சிமருந்துக்காரரை வரவழைத்துவிடுகிறார்கள். கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் நாங்கள் வாங்கியது புது வீடல்ல, எங்களுக்குத்தான் புதுசு. முன்பு இருந்தவர்கள் சுவரோடு சேர்த்து அடித்த பிளைவுட் அலமாரிகளை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். மருந்தடிக்க வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். டப்பாவைத் திறக்கவே இல்லை. முதலில் ஒவ்வொரு நிலையாக விரலை மடக்கித் தட்டிக்கொண்டு போனான். படுக்கையறை நிலையில் அடியிலிருந்து ஒரு முழம் வரைக்கும் சத்தம் பொத்தென்று வந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினான். பெயின்ட் மட்டும் தோலாக நிற்க, முனை உள்ளே போய்விட்டது. "இந்த நெலவு பெயின்ட்லதானுங்க நிக்குது" என்றான்.

பிறகு சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் அடிக்கு ஒரு துளை போட்டு, இமிடாக்ளோபிரிட் கரைசலை இறக்கி, வெள்ளை சிமென்ட்டால் பூசினான். சிங்குக்கு அடியில் குழாய் நுழைகிற சந்து, ஏசி பைப் போகிற ஓட்டை, குளியலறைத் தண்ணீர் போகிற வழி எல்லாவற்றையும் காட்டி அடைக்கச் சொன்னான். சாமான் கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளை அன்றைக்கே வெளியே போட்டுவிடுங்கள், கரப்பான் முட்டைக்கூடு அதில்தான் வீடு மாறும் என்றான். எல்லாம் சரியான பேச்சு. "இந்த மருந்துக்கு வாடையே வராதுங்க. கரையானுக்கே மருந்து இருக்குன்னு தெரியாது, மேல நடந்துட்டுப் போயி மத்ததுக்கும் ஒட்டிவிட்டுரும்" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் அங்கே இல்லை. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருந்த அம்மாயி வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் வாடை உண்டு.

நெல் குதிரைத் திறந்தால் நொச்சி. சேலைப் பெட்டியைத் திறந்தால் வசம்பு. மழைக்காலச் சாயங்காலங்களில் மாட்டுக்கொட்டகையில் வேப்பிலைப் புகை. துவரை காய்ந்து வந்ததும் ஒரு முழு நாள் செம்மண்ணுக்குப் போய்விடும். புற்றோரத்து மண்ணைச் சலித்துக் கரைத்து, வாசலில் பருப்பைக் குவித்து, அந்தக் கரைசலை விட்டு இரண்டு கையாலும் புரட்டுவாள் அம்மாயி. ஒவ்வொரு பருப்பிலும் மண் ஏறிச் சிவந்து, வெயிலில் காய்ந்த பிறகு அள்ளினால் கூழாங்கல் மாதிரி சலசலக்கும். வண்டு அதில் வாய் வைக்காது. மொடாவில் கொட்டி மூடினால் அடுத்த துவரை வரும்வரை கவலையில்லை. சமைக்கும்போது நாலு தண்ணீர் கூடுதலாகக் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

போகிக்கு முந்தைய வாரம் சுண்ணாம்பு. சுட்ட கிளிஞ்சலைப் பானையில் போட்டுத் தண்ணீர் விட்டதும் அது தானாகக் கொதிக்கும்; எங்களைக் கிட்டே விடமாட்டார்கள். நுனி நசுக்கிய தாழம் விழுதுதான் பிரஷ். கரப்பானும் மூட்டைப்பூச்சியும் முட்டை வைக்கிற சுவர்வெடிப்பெல்லாம் அந்தச் சுண்ணாம்பில் அடைபட்டுப் போகும். போகியன்று எரவாணத்தில் பூளைப்பூ, வேப்பிலை, ஆவாரம்பூ சேர்த்துக் காப்புக் கட்டுவார்கள். காப்பு பூச்சியைத் தடுத்ததா என்றால், அதற்காக எரவாணம் முழுக்க ஒட்டடை அடித்தார்களே, அது தடுத்தது.

இந்தச் சுண்ணாம்பால் ஒரு சண்டையும் வரும். மலேரியாக்காரர்களோடு. 1947 வாக்கில் நாட்டில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியாக் காய்ச்சல் என்று கணக்கு. 1953இல் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958இல் ஒழிப்புத் திட்டம் என்று ஊர் ஊராக டி.டி.டி. அடித்ததில், 1965இல் அது ஒரு லட்சத்துக்கு இறங்கியது. எழுபதுகளில் மறுபடி ஏறியது. நான் பார்த்தது அந்த இரண்டாம் சுற்றை. பண்டபாத்திரமெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். ஒருவர் பம்பைக் காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கையால் அடிப்பார். இன்னொருவர் நீளக் குழாயைப் பிடித்துச் சுவரில் பட்டை பட்டையாகத் தெளித்துக்கொண்டு போவார். போகும்போது நிலைக்கு மேலே தேதி எழுதுவார்கள். "ஏனுங்கம்மா, கொஞ்ச மாசத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சிறாதீங்க, மருந்து போயிரும்" என்று கெஞ்சுவார்கள். ரத்தம் குடித்த கொசு சுவரில் போய் உட்காரும்போது மருந்து காலில் பட வேண்டும், அதுதான் கணக்கு. அம்மாயி தலையை ஆட்டுவாள். அவர்கள் வாய்க்கால் பாலம் தாண்டியதும், "பொங்கலுக்கு வெள்ளை அடிக்காத ஊடு ஒரு ஊடா?" என்பாள். மலேரியாக்காரர்கள் சொன்னதுதான் நியாயம். அம்மாயி அடித்ததும் அடித்ததுதான்.

பழைய காலத்தில் எல்லாம் இலை, வேர், புகை என்று யாராவது எழுதினால் எனக்குச் சிரிப்பு வரும். அதே வீட்டில் எறும்புப் பொடி டப்பா இருந்தது. காமக்ஸேன். அரிசி டிரம்மைச் சுற்றி அதை வரிசை பிசகாமல் கோடு இழுத்தது கோலம் போடுகிற அதே கைதான். பிறகு சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சோறு போடுவார்கள். 1997இல் அதைத் தடை செய்தார்கள். தேளோ, ஓட்டுச் சந்திலும் விறகடியிலும் எப்போதும் இருந்தது; எங்கள் வீட்டில் தேள் கொட்டாத ஆளே கிடையாது. கயிற்றுக் கட்டிலை மாதம் ஒருமுறை வெயிலில் சாய்த்து, கொதிக்கிற தண்ணீரை முடிச்சு முடிச்சாக ஊற்றுவோம். மூட்டைப்பூச்சி பத்து நாள் அடங்கும், பிறகு வரும்.

ஆனால் கரையானை அம்மாயி விட்டதில்லை. அதற்கு மருந்தைவிடக் கண்தான். விடிகாலை விளக்குமாறோடு சுவரோரம் போகும்போதே பார்வை அங்கே இருக்கும். பென்சில் கனத்துக்கு ஒரு மண்வரி தரையிலிருந்து ஏறியிருந்தால், அன்றைக்கே விளக்குமாற்றுக் கட்டையால் சுரண்டி, அது கிளம்பிய ஓட்டையில் மண்ணெண்ணெய். முதல் மழைக்கு ஈசல் பறக்கும் ராத்திரி, தண்ணீர்த் தட்டத்தின் நடுவில் விளக்கை வைத்துவிட்டு நாங்கள் பிடிப்போம். இறகை ஊதிவிட்டு, அரிசியோடு வறுத்துத் தின்ன. அம்மாயி மட்டும் வேறு பக்கம் திரும்பி நிற்பாள். "எங்கிருந்து கெளம்புதுன்னு பாரு கண்ணு" என்பாள். புற்றிலிருந்தோ வேலியோரத்திலிருந்தோ கிளம்பினால் நமக்குத் தீனி. சுவரடியிலிருந்து கிளம்பினால் கூடு வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கும் வீடு வாங்குகிறவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான சோதனை இல்லை. மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அங்கே வறுத்துத் தின்றதை இங்கே கொல்லச் சதுர அடிக் கணக்கில் கொடுக்கிறேன்.

அந்த வீட்டின் காவல் சமையலறையில் இருந்தது என்பது ரொம்பப் பின்னால்தான் புரிந்தது. மூன்று கல் அடுப்பு, காலையும் மாலையும் விறகு. அடுப்புக்கு மேலே விதைச் சோளக்கதிர்கள் தொங்கும். அதற்கும் மேலே வைரம் பாய்ந்த பனங்கைகள் கரி ஏறி மினுமினுக்கும். கரையானுக்கு ஈரம் வேண்டும். அடுப்பு எரிகிற வீட்டில் மோட்டுவளை காய்ந்தே கிடக்கும். எண்பதுகளில் மாமா கேஸ் வாங்கினார், பக்கத்தில் மேடை வைத்துப் புதுச் சமையலறை கட்டினார். அம்மாயிக்கு அதற்குப் பிறகுதான் கண்ணெரிச்சல் நின்றது. பழைய அடுப்பு பொங்கலுக்கு மட்டும் என்றாயிற்று. அம்மாயி போனபிறகு அதுவும் இல்லை, வீட்டைப் பூட்டினார்கள்.

சில மழைதான் தாண்டியிருக்கும். மேற்கு அறையில் இருந்த அம்மாயியின் மரப்பெட்டியைத் தூக்கப் போனோம். மூடி மட்டும் கையோடு வந்தது. சேலைகள், நிலப் பத்திர நகல்கள், அம்மா ஊரிலிருந்து எழுதிய இன்லண்ட் கடிதங்கள், எல்லாம் சேர்ந்து ஒரே மண்கட்டியாக உறைந்திருந்தன. உடைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சேலையின் ஜரிகை மட்டும் நூல் நூலாக இருந்தது. வசம்புத் துண்டும் இருந்தது, சுற்றிலும் தின்றுவிட்டு அதை மட்டும் விட்டு.

வீட்டைப் பிரிக்க முடிவான அன்று, பழைய மரம் வாங்குகிறவர் ஒருவர் கூரையேறிப் பார்த்தார். மாமா எண்பதுகளில் போட்ட கதவுகள் எல்லாம் கூடு. நடுவீட்டுப் பனங்கைகளில் பாதிக்குமேல் கழித்துவிட்டார். பழைய சமையலறைப் பனங்கைகள் ஒன்றுகூடச் சோடையில்லை. ஆனால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இது ரிசார்ட்டுக்குப் போறதுங்க. இழைச்சாலும் பொகை நாத்தம் போகாது. வெலையக் கொறைச்சுக்கங்க."

"நாத்தம் போயிருந்தா மரமும் போயிருக்குமுங்க" என்றார் மாமா.

அவர் கேட்ட விலைக்கும் மாமா சொன்ன விலைக்கும் நடுவில் ஒன்று பேசி, மறுநாளே டெம்போ வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஓடு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.